வெள்ளி இரவு பன்னிரண்டு

மணிக்காரர் என்று அவருக்குப் பெயர் வந்தது கடிகாரத் தொழிலால் அல்ல. அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய கடிகாரம் பல வருடங்களாகவே கொஞ்சம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி அதைத் திருத்த வேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் மனைவி அதைக் காட்டுவாள்.

"பாத்துக்குங்க. உலகத்துக்கே டைம் சொல்லிக் கொடுக்கிறவர் வீட்டுக் கடிகாரம்."

அவர் பேருந்து நிறுவனம் ஒன்றின் முன்பதிவுப் பிரிவில் கணினி பார்த்தவர். பணிமனையின் பின்பக்கத்தில், பழைய டயர்களை அடுக்கிவைத்த கிடங்கை ஒட்டி அவருடைய அறை. ஜன்னலைத் திறந்தால் டீசல் புகை, மூடினால் ரப்பர் வாடை. இரண்டில் எது தேவலை என்று யோசித்து, ஜன்னலைப் பாதி திறந்துவைத்து இரண்டையும் சேர்த்தே அனுபவித்தார். அந்த அறையில் உட்கார்ந்துதான் அவர் தன் லைப்ரரியை எழுதினார்.

லைப்ரரி என்றால் இங்கே புத்தக அலமாரி இல்லை. ஒருவர் எழுதிவைத்த நிரலை மற்றவர்கள் எடுத்துத் தங்கள் மென்பொருளுக்குள் அப்படியே பொருத்திக்கொள்வார்கள். வீடு கட்டுகிறவர் தாழ்ப்பாளைத் தானே அடித்துக்கொண்டிருக்காமல் கடையில் வாங்கி மாட்டுவதைப் போல. மணிக்காரரின் தாழ்ப்பாள் ஒரே ஒரு காரியம் செய்தது. மனிதர்கள் வாய்க்கு வந்தபடி எழுதும் நேரத்தைக் கணினிக்குப் புரியும் நேரமாக மாற்றியது. ஒன்பதரையை ஒருவர் 9.30 என்று தட்டுவார், ஒருவர் 0930 என்பார், இன்னொருவர் 'பத்துக்கு அரை மணி முன்னாடி' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அத்தனையும் ஒன்றுதான் என்று கணினிக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்கிற வேலை அது.

அந்த லைப்ரரியில் பாதி அவர் எழுதியது, பாதி அவர் மனைவி போட்ட சண்டை. கல்யாணத்துக்கு முன்பு அவள் அதே நிறுவனத்தில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர் முதல் மேலாளர் வரை எல்லாரும் அவளை 'விசாரணை' என்றே கூப்பிட்டார்கள். கணினி நேரத்தைத் தப்பாகக் காட்டினால் பயணிகள் கத்துவது அவளிடம். அவள் கத்துவதற்கு ஆள் வேண்டுமே. டயர் கிடங்கைத் தாண்டி நேராக வந்து அவர் அறை வாசலில் நிற்பாள்.

"உள்ள உக்காந்து தட்டுறது நீங்க. வெளிய வாங்கிக் கட்டிக்கிறது நானா?"

ஒரு நாள் காலையில் அப்படித்தான் வந்து நின்றாள். முந்தின இரவு ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு வந்திருக்கிறது. சனிக்கிழமை இரவு பன்னிரண்டு மணி வண்டிக்கு டிக்கெட். ஆனால் அந்த வண்டி முந்தின நாளே போய்விட்டிருந்தது. கணினியைக் கேட்டால் சனிக்கிழமை பிறப்பதே இரவு பன்னிரண்டு மணிக்குத்தான், எனவே சனிக்கிழமை பன்னிரண்டு என்பது வெள்ளிக்கிழமை இரவோடு முடிந்துபோன சமாச்சாரம்.

"சனிக்கிழமை ராத்திரின்னா, சனிக்கிழமை சாப்பாட்டை முடிச்சிட்டுக் கிளம்புற ராத்திரிங்க. உங்க மெஷின் சாப்பிடுற ஜென்மம் இல்ல, அதுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பிள்ளைங்க பெஞ்சிலேயே சுருண்டு படுத்துத் தூங்குச்சுங்க. உங்களுக்கென்ன."

அவர் பதிலே பேசவில்லை. அன்று மதியத்துக்குள் ஒரு வரி சேர்த்தார். இப்படித்தான் ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு வரி என்று அந்த லைப்ரரி வளர்ந்தது. பின்னாளில் யாராவது 'உங்களுக்குக் காதல் கல்யாணமா' என்று கேட்டால் விசாரணை உதட்டைச் சுழிப்பாள்.

"காதலா? ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசுவாருன்னு பாத்தேன், பேசல. சரி, இந்த ஆளைக் கட்டிக்கிட்டா ஆயுசுக்கும் திட்டலாமேன்னு தோணுச்சு."

பிள்ளைகள் பிறக்கவில்லை. மணிக்காரர் லைப்ரரியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்துவைத்தார். முதலில் யாரும் சீண்டவில்லை. பிறகு ஒருவர் எடுத்தார், அவரைப் பார்த்து இன்னொருவர். எங்கோ ஒரு மூலையிலிருந்து கேள்வி வரும், இவர் வேலை முடிந்து வந்து கால்கூடக் கழுவாமல் பதில் எழுதுவார். கணினியில் செய்தி வந்ததற்கான சத்தம் கேட்டதும் விசாரணை அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

"போங்க, என் சக்களத்தி கூப்பிடுறா."

எடுத்துக்கொண்டவர்களிலேயே பெரிய இடம் ஒரு மருத்துவமனை மென்பொருள். பல நாடுகளில் இருக்கிற ஆர்வலர்கள் சேர்ந்து, சின்ன மருத்துவமனைகள் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று எழுதியது. அதன் நிரலை யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தம் சொல்லலாம். அதை நடத்தியவள் ஓர் இளம்பெண். தன் படத்துக்குப் பதிலாக ஆந்தைப் படம் போட்டிருந்ததால் எல்லாருக்கும் அவள் ஆந்தை. 'மணிக்காரர்' என்று இவருக்குப் பெயர் வைத்தது அவள்தான். இவர்கள் ஊர் மருத்துவமனையிலும் அந்த மென்பொருள்தான் ஓடியது. அது அச்சடிக்கும் சீட்டுகளின் அடியில் அதன் முத்திரையாகச் சின்னதாக ஓர் இலை இருக்கும். யாராவது சீட்டோடு நின்றால் மணிக்காரர் எட்டி அந்த இலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போலத் தள்ளி நின்றுகொள்வார். அவருக்கு இருந்த கர்வமெல்லாம் அவ்வளவுதான்.

விசாரணைக்கு முதலில் ரொட்டி தொண்டையில் சிக்கியது. அவசரமாகத் தின்றதால் என்றாள். பிறகு குழைத்த சோறு சிக்கியது. உணவுக்குழாயில் கட்டி என்று தெரிந்தபோது, திரவம் தவிர வேறெதுவும் இறங்காத நிலைக்கு வந்திருந்தாள். மணிக்காரர் நீண்ட விடுப்பு எடுத்தார். கணினியில் செய்திகள் குவிந்தன. சிலர் கெஞ்சினார்கள், சிலர் 'ஆள் இருக்கிறாரா இல்லையா' என்று எழுதினார்கள். அவர் திறந்து பார்ப்பார், மூடிவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் வேறெங்கோ ஒரு விபரீதம் நடந்தது. யாரோ ஒருவர் கவனிக்காமல் விட்டிருந்த ஒரு குட்டி லைப்ரரியை, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்ட ஒருவன் அதற்குள் நாசம் செய்யும் நிரலை விஷம் போல வைத்துவிட்டான். அதை நம்பியிருந்த மென்பொருளெல்லாம் படுத்தது. பல மருத்துவமனைகள் ஒரு நாள் முழுக்கக் கையால் சீட்டு எழுதின. ஆந்தையும் கூட இருப்பவர்களும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோதுதான் தாங்கள் எத்தனை பேருடைய தாழ்ப்பாள்களை நம்பிக் கதவைச் சாத்தியிருக்கிறோம் என்று தெரிந்து அரண்டுபோனார்கள். இனி வெளியார் லைப்ரரிகளை முடிந்தவரை குறைப்பது, அதிலும் ஒற்றை ஆள் கையில் இருப்பவற்றை முதலில் எடுப்பது என்று முடிவானது.

ஆந்தை தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணா, உங்களைக் குறை சொல்லல."

"தெரியும்மா."

"உங்க லைப்ரரி ரொம்ப நல்லா இருக்கு. அது வேற. ஆனா ஒருத்தரே பாக்குறதுன்னு வரும்போது... நாளைக்கு உங்களுக்கு ஏதாவது வேலை வந்துட்டா..."

"நான் செத்துட்டா யாரு பாப்பாங்கன்னு கேக்குறீங்க."



"ஆமாண்ணா."

"நியாயம்தான். எடுத்துடலாம். நாங்க எழுதினதுல உங்களுக்கு வேணுங்கிறது கொஞ்சம்தான். அதை மட்டும் பிரிச்சு உங்க நிரலோடயே சேர்த்துட்டா, வெளிய யாரையும் நம்ப வேண்டாம். ஆனா வெட்டுறதை நானே வெட்டித் தர்றேன். எது சதை, எது எலும்புன்னு எனக்குத்தான் தெரியும்."

'நாங்க' என்று சொன்னது அவருக்கே பிறகுதான் உறைத்தது.

கட்டிலில் படுத்தபடி விசாரணை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன, அவளைத் தலைமுழுகியாச்சா?"

"ஆச்சு."

"பாவம், இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிட்டு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அப்ப இனிமே முழுசா எனக்கா?"

"முழுசா."

"நல்லா நாள் பாத்தீங்க போங்க."

அந்தச் சொல்லைக் காப்பாற்றிவிட வேண்டும் என்ற ஒரே வெறியோடுதான் அவர் வெட்டும் வேலையில் இறங்கினார். சீக்கிரம் முடித்துக் கொடுத்துவிட்டால் கணினியை மூடிவைத்துவிடலாம். அவளுக்கு மீதி இருக்கும் நாட்களில் ஒரு நாளைக்கூட யாருக்கும் பங்கு போட வேண்டாம். மதியத்தில் அவள் கண் அயரும்போது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வெட்டினார். வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கச் சோதனைகள் எழுதிவைத்திருப்பார்கள். அவற்றை ஓடவிட்டால், எந்தச் சோதனையும் தொடாத வரிகள் மட்டும் சிவப்பாகத் தெரியும். தொடாத வரி வேண்டாத வரி. சிவப்பையெல்லாம் அழித்துக்கொண்டே போகலாம்.

அப்படி ஒரு மதியம், ஒரு சிவப்பு வரியில் அவர் விரல் நின்றது. ஒரு குறி விழுந்திருந்தால் நாளில் ஒன்றைக் கூட்டு என்றது அந்த வரி. குறிக்கு அவர் வைத்திருந்த பெயர் வெறும் ஒற்றை எழுத்து. ஏன் கூட்ட வேண்டும், எந்த நாளில்? அவருக்கு நினைவில்லை. லைப்ரரியை இரண்டு முறை புதிதாகத் திருப்பி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்த வரி இடம் மாறி, உரு மாறி, கூடவே வந்திருக்கிறது. சோதனைகள் எழுதும் பழக்கம் வருவதற்கு முந்திய காலத்து வரி. கொஞ்ச நேரம் யோசித்தால் பிடிபட்டிருக்கும். உள்ளே விசாரணை இருமினாள். இருமல் நிற்கவில்லை. அவர் வரியை அழித்தார், சோதனையை ஓடவிட்டார், எல்லாம் பச்சை. அனுப்பிவிட்டு எழுந்து ஓடினார்.

ஆந்தையும் இன்னும் இரண்டு பேரும் பார்த்து, 'சுத்தமாக இருக்கிறது' என்று ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வெளியீட்டின் குறிப்பில் வெளியார் லைப்ரரி ஒன்று நீக்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது. விஷ விவகாரத்துக்குப் பிறகு எல்லா மருத்துவமனைகளும் புதுப் பதிப்பை உடனுக்குடன் ஏற்றிக்கொண்டிருந்தன. இவர்கள் ஊர் மருத்துவமனையும் ஏற்றியது.

விசாரணையின் வயிற்றில் குழாய் வைப்பது என்று மருத்துவர் முடிவு செய்தார். சின்ன அறுவைதான், சனிக்கிழமை காலை. அதற்குப் பிறகு ஆகாரமெல்லாம் குழாய் வழியாக. வாய்க்கு நாக்கு நனைகிற அளவுதான்.

விசாரணை உடனே ஒரு திட்டம் போட்டாள்.

"அப்ப வெள்ளிக்கிழமை என் நாள். காலையிலேருந்து காபி. நல்லா கெட்டிப் பால், ஒரு ஸ்பூன் சீனி கூட. யாரும் குறுக்க வரக்கூடாது."

ஒரு டம்ளர் காபியை அவள் கரண்டி கரண்டியாக விழுங்கி முடிக்க மணிக்கணக்காகும். அதனால்தான் ஒரு முழு நாள் வேண்டும் என்றாள். அவளுடைய தம்பி, வண்டி உதிரிபாகக் கடை வைத்திருப்பவன், எங்கோ போய்ப் புதிதாக வறுத்து அரைத்த காபித்தூள் வாங்கிவந்தான். பொட்டலத்தைப் பிரிக்காமல் மூக்கருகில் வைத்து முகர்ந்துவிட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மாலை மணிக்காரர் மருத்துவமனைக்குப் போய்ச் சீட்டை வாங்கிவந்தார். அடியில் இலை. வாசலில் நின்றே படித்தார். 'வெள்ளி 00:00 மணி முதல் உணவு, நீர் எதுவும் கூடாது.'

"வெள்ளிக்கிழமை பூராவுமா?" என்றாள் விசாரணை. "ஆபரேஷன் சனிக்கிழமைதானே?"

"வெள்ளி பூஜ்ஜியம் மணின்னா இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு. அதுலேருந்து."

"இவ்வளவு நேரமா ஒரு மனுஷியைப் பட்டினி போடுவாங்க? எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுருங்களேன்."

"வயிறு சுத்தமா இருக்கணும்னு நினைச்சிருப்பாங்க. அதுல போட்டிருக்கிறது தப்பா இருக்காதும்மா. இது என்னோட வேலை. பூஜ்ஜியம் மணின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

"கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க மாமா?" என்றான் தம்பி.

"சீட்டுல அச்சடிச்சுக் கொடுத்ததைப் போயி, இது சரியான்னு கேக்கணுமா? சிரிப்பாங்க." பிறகு விசாரணையிடம், "இப்பவே ஒரு டம்ளர் போட்டுத் தர்றேன். குடிச்சிடு" என்றார்.

"அவசர அவசரமா முழுங்குறதுக்குப் பேரு காபியா? வேண்டாம் போங்க." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. அவள் குடிக்காதபோது தானும் குடிக்கக் கூடாது என்று மணிக்காரர் இருந்துவிட்டார். வெயில் ஏற ஏற அவள் உதடு வெடித்தது. துணியை நனைத்துத் துடைத்துவிட்டார். அவள் நாக்கை நீட்டி அந்த ஈரத்தைத் தொடப்போக, "வேண்டாம்மா" என்று துணியை எடுத்துக்கொண்டார். அதை அவர் கண்டிப்பாகவே செய்தார், அன்பாகவும் செய்தார். மாலையில் அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். பிரிக்காத காபிப் பொட்டலம் தலைமாட்டிலேயே இருந்தது. வாசனை தாங்கவில்லை, அதை எடுத்து அந்தண்டை வைக்கச் சொல்லி ஒரு தடவை கையை மட்டும் ஆட்டினாள்.

சனிக்கிழமை காலையில் நர்ஸ் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசி ஏற்ற ஒரு நரம்பும் அகப்படவில்லை. ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது.

"கடைசியா எப்ப தண்ணி குடிச்சாங்க?"

"வியாழக்கிழமை ராத்திரி," என்றார் மணிக்காரர்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னது அப்படி?"

அவர் சீட்டை நீட்டினார். நர்ஸ் வாங்கிப் படித்தார், மறுபடி படித்தார்.

"நான் வெள்ளி இரவு பன்னிரண்டுன்னுதானே அடிச்சேன். அடிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நேத்து ராத்திரி வரைக்கும் குடிச்சிருக்கலாமே சார். வீட்டுல யாரும் போன் பண்ணிக்கூடக் கேக்கலையா?"

நாளில் ஒன்றைக் கூட்டு. ஏன், எந்த நாளில் என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. டயர் வாடையோடு, அறை வாசலில் கை ஊன்றி நின்ற இளம்பெண்ணின் குரலோடு தெரிந்தது. சாப்பாட்டை முடிச்சிட்டுக் கிளம்புற ராத்திரிங்க. அந்தச் சண்டையை அவர் ஒரு நாளும் மறந்ததில்லை. எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த வரிதான் இந்த வரி என்பது மட்டும் மறந்துபோயிருந்தது. தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். மச்சினன் ஓடிவந்து, "என்ன மாமா, தலை சுத்துதா?" என்று கேட்டான். "இல்லப்பா" என்றார்.

அறுவை தள்ளிப்போனது. சொட்டுச் சொட்டாக நீர் ஏற்றினார்கள். கொஞ்சம் தெளிந்ததும் நர்ஸ் ஒரு மிடறு தண்ணீர் கொடுத்துப் பார்க்க, விசாரணைக்குப் புரையேறி முகம் நீலம் பாரித்தது. விழுங்குவது நுரையீரலுக்குள் இறங்கிவிடும், இனி வாய்வழியாக ஒன்றும் வேண்டாம் என்று மருத்துவர் உத்தரவு போட்டுவிட்டார். காபி குடித்திருக்கக்கூடிய கடைசி நாள் அந்த வெள்ளிக்கிழமைதான். அதுவும் போய்விட்டது.

மறுநாள் வார்டில் அவள் கண் விழித்திருந்தபோது மணிக்காரர் சொன்னார். சிவப்பு வரி, இருமல், அழித்தது, சீட்டு, எல்லாவற்றையும். பக்கத்துக் கட்டிலில் யாரோ ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். விசாரணை மேலே மின்விசிறியைப் பார்த்தபடியே கேட்டாள். முடிந்ததும் அவள் உதடு லேசாகக் கோணியது.

"போறப்ப கடிச்சிட்டுப் போயிட்டா பாருங்க, சக்களத்தி."

அவரால் சிரிக்க முடியவில்லை.

"அது நான் போட்ட சண்டையாச்சே," என்றாள் பிறகு. குரல் காற்றாகத்தான் வந்தது. "பெஞ்சில தூங்குச்சுங்களே, அந்தப் பிள்ளைங்க."

"ஆமா."

"மெஷினுக்குத்தான் சாப்பிடத் தெரியாது. உங்களுக்குமா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து அவர் எழுந்தபோது பேசினாள்.

"எதுலேருந்து கூடாதுன்னு ஏன் போடுறாங்க? எதுவரைக்கும் குடிக்கலாம்னு போடச் சொல்லுங்க. படிக்கவும் நல்லா இருக்கும்."

வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்து அவர் அந்த வரியைத் திரும்ப எழுதினார். இந்த முறை அதற்கு ஒரு சோதனையும் எழுதினார். 'வெள்ளி இரவு 12' என்று கொடுத்தால் சனிக்கிழமை பிறக்கும் நேரம் வர வேண்டும், வராவிட்டால் யார் எதை மாற்றினாலும் வெளியீடு நிற்கும். சீட்டின் வாசகத்தையும் மாற்றி அனுப்பினார். ஏன் என்று ஒரு பத்தி எழுதி, அழித்து, கடைசியில் தொலைபேசியிலேயே ஆந்தையிடம் சொல்லிவிட்டார்.

ஆந்தை அழுதாள். "நாங்க மூணு பேரு பாத்தோம் அண்ணா. மூணு பேருமே விட்டுட்டோம்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? எனக்கே தெரியலையே." பிறகு அவர் இரண்டு நாளாகக் கேட்கப் பயந்திருந்ததைக் கேட்டார். "வேற எங்கயாவது, வேற யாராவது இப்படிப் பட்டினி கிடந்தாங்களா?"

"தேடிப் பாத்தேன். சில ஆஸ்பத்திரியில இதே மாதிரி சீட்டு அடிச்சிருக்கு. ஆனா ஒண்ணும் ஆகல." தயங்கினாள். "எல்லாரும் நர்ஸ்கிட்ட கேட்டிருக்காங்க அண்ணா. இது சரிதானான்னு."

அவர் தலையாட்டினார். தலையாட்டினால் அவளுக்குத் தெரியாது என்பது கொஞ்சம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் குழாய் வைத்தார்கள். தள்ளிப்போனதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை, இந்த நோயில் அந்தச் சில நாட்கள் ஒரு கணக்கே இல்லை என்று மருத்துவர் சொன்னார். அதை நம்புவதா வேண்டாமா என்று மணிக்காரரால் முடிவுக்கு வர முடியவில்லை. வீட்டில் அவளோடு முழுசாகத்தான் இருந்தார். கணினியைத் துணி போட்டு மூடி அலமாரியின் மேல் தூக்கி வைத்திருந்தார். ஸ்டாண்டில் தொங்கும் பையிலிருந்து ஆகாரம் குழாயில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருவரும் பழைய பணிமனை ஆட்களின் கதைகளைப் பேசினார்கள். ஒரு நாள் அவள் கேட்டாள் என்று காபி போட்டு, குடிக்க அல்ல, முகர்வதற்காக டம்ளரை அவள் முகத்தருகில் பிடித்துக்கொண்டிருந்தார். ஆவி அடங்கும்வரை முகர்ந்தாள்.

"சீனி தூக்கல்," என்றாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி அவள் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எடுத்ததில்லை. எடுத்துத் திட்டியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது. திட்டு வாங்கினால் ஒரு வரி எழுதி ஆற்றிக்கொள்ள அவருக்குத் தெரியும். திட்டாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லைப்ரரியை மறுபடி எடுத்து நடத்துங்கள், இந்த முறை கூட இரண்டு பேரைத் துணைக்குத் தருகிறோம் என்று ஆந்தை கேட்டாள். வேண்டாம் என்றார். அது உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் அம்மா, எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும் என்றார்.

எல்லாம் முடிந்து, வாடகைக்கு எடுத்த ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுக்க மருத்துவமனைக்குப் போனார். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. தாழ்வாரத்தில் ஒரு நடுவயதுப் பெண்ணும் அவளுடைய அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டாண்டும் கையுமாக வருகிறவரைப் பார்த்து இங்கே வேலை செய்கிறவர் என்று நினைத்துவிட்டாள்.

"சார், இதைக் கொஞ்சம் பாருங்க. அப்பாவுக்கு சனிக்கிழமை ஆபரேஷன்."

அடியில் இலை. 'வெள்ளி இரவு 12 மணி வரை உண்ணலாம், குடிக்கலாம். அதன் பிறகு எதுவும் கூடாது.'

அவர் படித்தார். சரியாக இருந்தது. சரியாகத்தான் இருக்கும், அந்த வரியும் அந்த வாசகமும் யாருடையவை என்று அவருக்குத் தெரியும். சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"எதுக்கும் உள்ள போயி நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்கம்மா."

"அதான் தெளிவாப் போட்டிருக்கே சார்."

"போட்டிருக்கு. இருந்தாலும் கேளுங்க. யாரும் சிரிக்க மாட்டாங்க. நான் அப்பாவைப் பாத்துக்கிறேன்."

அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். மணிக்காரர் ஸ்டாண்டைப் பிடித்தபடி பெரியவர் பக்கத்தில் நின்றார். சற்று நேரத்தில் அவள் சீட்டை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தாள்.

"சரிதானாம் சார். வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் தாராளமாக் குடிக்கலாமாம் அப்பா."

"அப்ப போற வழியில ஒரு டீ வாங்கிக் கொடு," என்றார் பெரியவர்.

மணிக்காரர் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த ஜன்னலை நோக்கி நடந்தார். சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே கூட வந்தது.